மதினியின் முதுகுப் படம்: சிறு அளவுக் கதிர்வீச்சைப் பற்றி எக்ஸ்ரே அறையில் நான் கற்றவை

2007ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மழை ஒரு நாள்கூட விடாமல் பெய்துகொண்டிருந்த கிழமையொன்றில், இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் மதினி, நீர் ஓடும் கான் ஒன்றைத் தாண்டும்போது வழுக்கி, முதுகு கல்லில் அடிபட விழுந்தார். இரண்டு நாள் தைலம் தேய்த்துப் பார்த்தும் நிமிர முடியாமற்போகவே, அண்ணன் அவரை நகரத்திலிருந்த தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கே இடுப்பு முதுகெலும்பை முன்பக்கமாக ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்தார்கள். பக்கவாட்டுப் படம் தெளிவாக விழவில்லை என்று அதை மறுபடியும் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிட்டார்கள். பன்னிரண்டு நாட்களுக்குப் பின், நாள் தள்ளிப்போயிருப்பதை உணர்ந்து சிறுநீர் சோதித்துப் பார்த்தபோதுதான், மதினி முழுகாமல் இருப்பது தெரியவந்தது.

படம் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போய்க் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்த ஒருவர், பிள்ளை ஊனமாகப் பிறக்கும், இப்போதே கலைத்துவிடுவதுதான் நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று இரவே கடைசி பஸ்ஸைப் பிடித்து இருவரும் என் விடுதிக்கு வந்தார்கள். நான் அப்போது மலையகத்து வைத்தியசாலையொன்றில் எக்ஸ்ரே படமெடுக்கும் ரேடியோகிராபராகச் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. படம் வைத்திருந்த உறை மழையில் நனைந்து ஊறிப்போயிருக்க, அதை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றுகொண்டே மதினி கேட்டார்: “பாப்பா, வயித்துல இருக்கிறது கருகிப் போயிருக்குமா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டது. ‘ஒன்றும் ஆகாது’ என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால், அவருக்கு ஏற்கெனவே ஒருவர் கணக்குப் பார்க்காமல் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தார். நானும் கணக்குப் பார்க்காமல் எதிர்த்தீர்ப்புச் சொல்வது சரியாகப் படவில்லை. மறுநாள் காலையில் படமெடுத்தவருடன் தொலைபேசியில் பேசி, கதிரின் வலிமையையும் அளவையும் தீர்மானிக்க அவர் இயந்திரத்தில் அமைத்த கிலோவோல்ட், மில்லியம்பியர்-செக்கன் எண்களை வாங்கினேன். அவற்றைக் கண்டியில் பணிபுரிந்த, கதிர் அளவுகளைக் கணக்கிடும் மருத்துவப் பௌதிகவியலாளர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். நாட்காட்டித் தாளொன்றின் பின்புறத்தில், மூன்று படங்களுக்கும் சேர்த்துக் கருப்பையில் பட்டிருக்கக்கூடிய அளவு ஏறத்தாழ 3 மில்லிகிரே என்று எழுதினோம். எவ்வளவு மோசமாக எடுத்துக்கொண்டாலும் அது 5ஐத் தாண்டாது.

அந்த 3 என்ற எண் எதனோடு ஒப்பிடப்பட வேண்டும் என்பதுதான் முக்கியம். மில்லிகிரே என்பது உடலின் ஒரு பகுதி உள்வாங்கிய கதிர்வீச்சின் அளவு; அந்த அளவு முழு உடலுக்கும் விளைவிக்கக்கூடிய பாதிப்பை மதிப்பிடும் அலகு மில்லிசீவேர்ட். சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, கருவில் பட்ட அளவு 100 மில்லிகிரேக்குக் குறைவாக இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பதற்கு நியாயமில்லை. உறுப்புக் குறைபாடும் மூளை வளர்ச்சிக் குறைவும் எவ்வளவு சிறிய அளவிலும் வந்துவிடும் பாதிப்புகள் அல்ல. குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் மட்டுமே வருபவை. மூளை வளர்ச்சிக் குறைவைப் பற்றிய அறிவு, ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்தபோது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்து பார்த்ததிலிருந்து கிடைத்தது. எக்ஸ்ரே அறையின் பக்கமே போகாத தாயின் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்பது மாதத்தில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் தாய் உண்ணும் உணவிலிருந்தும் அரை முதல் ஒரு மில்லிகிரே வரை சேர்ந்துவிடுகிறது.

புற்றுநோயின் கணக்கு வேறு. அதற்கு வரம்பு இருப்பதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒக்ஸ்போர்டில் பணியாற்றிய வைத்தியர் அலிஸ் ஸ்டுவர்ட், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் ஒவ்வொருவராகக் கேட்டறிந்து, 1956இல் சுருக்கமாகவும் 1958இல் விரிவாகவும் வெளியிட்ட ஆய்வு, கர்ப்ப காலத்தில் வயிற்றுப் பகுதியில் எக்ஸ்ரே எடுக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சிறுபிராயப் புற்றுநோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. அவரைப் பல ஆண்டுகள் பலரும் நம்பவில்லை. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எக்ஸ்ரே எடுக்கும் பழக்கம் உலகெங்கும் நின்றுபோனதற்கு அந்தப் பெண்மணியின் விடாப்பிடியும் ஒரு முக்கிய காரணம். அதன் பின்னர் வந்த கணிப்புகளை வைத்துப் பார்த்தால், சாதாரணமாக 10,000 பிள்ளைகளில் ஏறத்தாழ 20 பேருக்குச் சிறுபிராயத்தில் புற்றுநோய் வருமென்றால், கருவில் 3 மில்லிகிரே பட்ட 10,000 பிள்ளைகளில் அது 22ஆகக் கூடலாம். மதினியிடம் நான் மறைக்காமல் சொன்னது இதைத்தான். நூறு பிள்ளைகள் பிறந்தால், எக்ஸ்ரேயே இல்லாமலும் மூன்று பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கும் என்றும், இந்தப் படங்கள் அந்த எண்ணிக்கையை அசைக்காது என்றும் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “இருபது இருபத்திரெண்டு ஆகுமா, அவ்வளவுதானா?” என்று மறுபடியும் கேட்டார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். பொருத்தமான எண்ணைச் சொன்னால் எவருக்கும் விளங்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றி வேறெதற்காகவும் கருக்கலைப்புச் செய்வதை இலங்கைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே, ‘கலைத்துவிடு’ என்ற அந்த ஒற்றைச் சொல், தோட்டத்துப் பெண்ணொருத்தியை எங்கே, யாருடைய கைக்கு அனுப்பும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரத்தப்போக்கும் கிருமித்தொற்றுமாக, மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்ட பெண்களை நான் வைத்தியசாலையில் பார்த்திருக்கிறேன். 3 மில்லிகிரேயின் ஆபத்தை அந்த ஆபத்தோடு ஒப்பிட்டுப் பேசவே முடியாது. மதினியின் மகள் 2008 மார்ச் மாதம் பிறந்து, உயர்தரப் பரீட்சை வரை படித்துவிட்டாள். அவள் நலமாக இருப்பது என் கணக்கு சரியென்பதற்குச் சான்றாகிவிடாது, ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிறுவ முடியாது; ஆனாலும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாட்காட்டித் தாள் என் நினைவுக்கு வருகிறது.

உண்மையில் நடந்த தவறு, படம் எடுத்ததைவிட, எடுப்பதற்கு முன் ஒருவரும் கேட்காமல் விட்டதுதான். கடைசியாகத் தீட்டு வந்த நாள் எது என்று மதினியிடம் யாரும் கேட்கவில்லை. அந்த அறையின் கதவில் அறிவித்தல் ஒன்று இருந்ததாம். ஆனால் அதில் தமிழ் இருக்கவில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பின் எங்கள் அறையின் கதவிலிருந்த அறிவித்தலைக் கவனித்துப் பார்த்தேன். ‘நீங்கள் கர்ப்பிணியாக இருக்கக்கூடுமெனின் உத்தியோகத்தருக்கு அறியத்தரவும்’ என்று தமிழிலும் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு உள்ளே வந்த எத்தனையோ பெண்கள், நான் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் ‘நாள் தள்ளிப்போயிருக்கு மிஸ்’ என்று சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பிணி என்றால் வயிறு தெரிகின்ற பெண் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாலைந்து நாள் தள்ளிப்போயிருப்பவள் தன்னை அந்தச் சொல்லுக்குள் வைத்துப் பார்ப்பதில்லை. அதன் கீழேயே, ‘முழுகாமல் இருந்தாலோ, நாள் தள்ளிப்போயிருந்தாலோ சொல்லுங்கள்’ என்று என் கையால் எழுதி ஒட்டினேன். கணவனோ மாமனாரோ உடன் வந்திருந்தால் அவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்பதையும் அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். படம் எடுப்பவர் ஆணாக இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள் என்றே இதைப் படிக்கும் பெண்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வயிறு, இடுப்பு, இடுப்பு முதுகெலும்பு ஆகிய பகுதிகளின் படங்களுக்கும், எக்ஸ்ரேயாலேயே பல கோணங்களில் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும்தான் இந்தக் கேள்வி முக்கியமாகப் பொருந்தும். முழுகாமல் இருக்கும் பெண்ணுக்குக் கை முறிந்தாலோ, இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, கை எக்ஸ்ரேயும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கத் தயங்கக் கூடாது. அவற்றால் கருப்பையில் படுவது ஒரு மில்லிகிரேயின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

நெஞ்சு எக்ஸ்ரேக்குப் பயந்ததன் விலையை எங்கள் வீடு ஏற்கெனவே கொடுத்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவுக்கு மாதக்கணக்காக இருமல் இருந்தது. எக்ஸ்ரே ஈரலைக் கருக்கிவிடும் என்று எங்கள் வரிசைக் குடியிருப்பான லயத்தில் யாரோ சொன்னதை நம்பி, தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்த துண்டை அவர் இரண்டு முறை கிழித்துப் போட்டார். கடைசியில் எடுத்தபோது இடது நுரையீரலின் மேற்பகுதியில் காசநோய் குழி பறித்திருந்தது. ஆறு மாத மருந்தில் நோய் தீர்ந்தாலும், மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது கடைசிவரை தீரவில்லை. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் அளவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவேர்ட். உலகில் ஒரு மனிதருக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட் கிடைக்கிறது. ஆக அது மூன்று நாள் சும்மா உயிர் வாழ்வதற்குச் சமம். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வசிப்பவருக்கு, கொழும்பில் வசிப்பவரைவிட வானத்திலிருந்து வரும் கதிர்வீச்சு சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது. அதற்காக எவரும் நுவரெலியாவை விட்டுக் கிளம்புவதில்லை. அப்பாவின் நுரையீரலை அரித்ததில் நோயோடு சேர்ந்து லயத்துக் காம்பராவின் விறகுப் புகைக்கும் பங்கிருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் புகையைப் பற்றி எவரும் பயந்து நான் கேட்டதில்லை.

எக்ஸ்ரேயையும் கதிரியக்கப் பொருளையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்தே இந்தப் பயத்தில் பாதி கிளம்புகிறது. பலாங்கொடைப் பக்கத்தில் கனிம ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி 1904இல் கண்டெடுத்த தோரியனைட் என்ற கனிமம் கதிரியக்கப் பொருள். அது இரவும் பகலும் தானாகவே கதிர்வீசிக்கொண்டிருக்கும். எக்ஸ்ரே இயந்திரமோ மின்விளக்கைப் போன்றது. பொத்தானை விட்டதும் கதிரும் நின்றுவிடும். உடலில் எதுவும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, படத்திலும் ஒட்டியிருப்பதில்லை. எங்கள் அப்பாயி அப்பாவின் நெஞ்சுப் படத்தைக் காம்பராவுக்குள் வைக்கவே விடவில்லை. கதிர் இருக்கும் என்று சொல்லி அதை வெளியே கோழிக்கூட்டின் கூரையில் செருகி வைத்தார். ஒரே மாதத்தில் அது பூஞ்சணம் பிடித்து, நுரையீரலும் எலும்பும் ஒன்றோடொன்று கலந்த வெண்புள்ளிக் காடாகிவிட்டது.

பயப்படத் தேவையில்லை என்று மட்டும் சொல்லி முடித்தால் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். காசநோய்க்கு மருந்து வராத காலத்தில், அமெரிக்காவின் மசாசூசெட்ஸிலும் கனடாவிலும், நுரையீரலைச் சுருக்கி வைத்துச் சிகிச்சை பெற்ற பெண்களை அடிக்கடி எக்ஸ்ரே திரைக்கு முன் நிறுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பட்டது அதிகமில்லை; நூறு முறைக்கு மேல் நின்றவர்களும் உண்டு. பல ஆண்டுகள் கழித்து அவர்களிடையே மார்புப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. சிறிய அளவுகளும் சேரச் சேரக் கணக்கில் ஏறுகின்றன.

அதை எனக்கு நேரில் காட்டியவன் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன். பதினான்கு மாதங்களுக்குள் தலைக்கு மூன்று சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தான். முதலாவது, மதிலிலிருந்து விழுந்து வாந்தியெடுத்தபோது எடுத்தது. அது அவசியமானது, நானும் எடுத்தே இருப்பேன். இரண்டாவது, வேறொரு நகரத்து வைத்தியரிடம் தலைவலிக்குக் காட்டப்போனபோது முதற்படத்தைக் கொண்டுபோகாததால் எடுத்தது. மூன்றாவது, இரண்டாவதின் அறிக்கையை பஸ்ஸில் மறந்து விட்டுவிட்டதால் எடுத்தது. தலை சி.டி. ஒன்றின் அளவு ஏறத்தாழ 2 மில்லிசீவேர்ட், அதாவது நெஞ்சு எக்ஸ்ரே நூறுக்குச் சமம். வயிற்றுக்கு எடுத்தால் அது 8 முதல் 10 வரை போகும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடல் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படுகிறது, அந்தப் பாதிப்பு வெளிப்படுவதற்கு அவர்களுக்கு முன்னால் இருக்கும் ஆண்டுகளும் அதிகம். ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் இளவயதில் சி.டி. எடுத்த 9 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த முடிவுகளின்படி, சி.டி. எடுக்கும் 10,000 பிள்ளைகளில் ஒருவருக்கோ இருவருக்கோ அதன் காரணமாக அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இரத்தப் புற்றுநோய் வகைகளில் ஒன்று வரலாம். மூளையில் இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டிய பிள்ளைக்கு இது பொருட்படுத்தத் தக்க ஆபத்தே அல்ல. அறிக்கை தொலைந்ததற்காக மறுபடியும் எடுக்கப்படும் பிள்ளைக்கோ, அந்தச் சிறிய ஆபத்தைச் சுமப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அந்தத் தாய், “மிஸ், அது போட்டோதானே” என்றார். எக்ஸ்ரேயையும் சி.டி.யையும், ஒலி அலையால் பார்க்கும் ஸ்கானையும், காந்தத்தால் பார்க்கும் எம்.ஆர்.ஐ.யையும் நாங்கள் எல்லாவற்றையும் ‘படம்’ என்றே சொல்லிப் பழக்கியிருக்கிறோம்; ஸ்கானும் எம்.ஆர்.ஐ.யும் இந்தக் கதிர்வீச்சைப் பயன்படுத்துவதே இல்லை என்பதை எடுத்துச் சொன்னதில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

மிகச் சிறிய அளவுகளைப் பற்றி அறிவியலாளர்கள் இன்னும் முழுமையாக ஒத்துப்போகவில்லை. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் நிறைந்திருப்பதால், அங்குள்ளோர் மற்றவர்களைவிடப் பல மடங்கு கதிர்வீச்சில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஏறத்தாழ 70,000 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வு அவர்களிடம் கூடுதல் புற்றுநோயைக் காணவில்லை. மாறாக, பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுசக்தித் துறைப் பணியாளர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு, சிறுகச் சிறுகச் சேர்ந்த அளவோடு சேர்ந்து புற்றுநோய் மரணமும் கூடுவதைக் காட்டியது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அக்கடமியின் குழு 2006இல் தந்த மதிப்பீட்டை நான் கையோடு வைத்திருக்கிறேன். அங்குள்ள நூறு பேரில் 42 பேருக்கு எப்படியும் வாழ்நாளில் புற்றுநோய் வரும். அந்த நூறு பேருக்கும் தலா 100 மில்லிசீவேர்ட் பட்டால் இன்னும் ஒருவருக்கு வரலாம். இரு தரப்பையும் படித்தபின் நான் வந்து நிற்கும் இடம் இது: எவ்வளவு சிறிய அளவுக்கும் ஒரு சிறிய விலை உண்டு என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும், அந்த விலையைப் படம் எடுக்காமல் விடுவதன் விலையோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும்.

பயத்தின் மறுபக்கத்தில் நானும் மூன்று வாரம் இருந்திருக்கிறேன். எங்கள் மீது படும் கதிரை அளக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் அளவி, குறித்த காலத்துக்கு ஒருமுறை கொழும்புக்குப் போய் வாசிக்கப்படும். ஒரு முறை என் வாசிப்பு 6 மில்லிசீவேர்ட் என்று வந்து விளக்கம் கேட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கான வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்ட். எனக்கு அதுவரை ஒன்றைத் தாண்டியதில்லை. இரவில் தூக்கம் வரவில்லை. கடைசியில் காரணம் தெரிந்தது. ஈய மேலங்கியைக் கழற்றி அறைக்குள் இருந்த கொக்கியில் மாட்டியபோது, அளவியையும் அதிலேயே விட்டிருக்கிறேன். நான் வெளியே நிற்க, அது அறைக்குள் தொங்கியபடி ஒவ்வொரு படத்துக்கும் கதிரை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தத் துறையில் இருக்கும் இளையவர்கள், கழற்றிய அளவியை அறைக்கு வெளியே வைப்பதையும், குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டி வந்தால் ஒரே ஆள் மீண்டும் மீண்டும் நிற்காமல் பார்த்துக்கொள்வதையும் முதல் நாளிலிருந்தே பழக வேண்டும். பிள்ளையைப் பிடிக்கும் தாய்க்கு ஈய மேலங்கி கொடுக்கவும், அவர் முழுகாமல் இருந்தால் வேறொருவரை நிறுத்தவும் மறக்கக் கூடாது.

நோயாளியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது அதிகமில்லை. இந்தப் படத்தைப் பார்த்தபின் சிகிச்சை எந்த வகையில் மாறும் என்று வைத்தியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பல வேளைகளில் அவரே யோசித்து, ‘இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சாதாரண இடுப்பு வலி அதற்கு நல்ல உதாரணம். பித்தப்பைக் கல்லுக்கும், பெரும்பாலும் சிறுநீரகக் கல்லுக்கும், ஸ்கான் முதலில் போதுமா என்று விசாரியுங்கள். நோய்க்குறி எதுவும் இல்லாமல் முழு உடல் சி.டி. எடுத்துப் பார்க்கலாம் என்று சலுகை விலையில் அழைத்தால் போகாதீர்கள். இடுப்புக்குக் கீழே கதிரைத் தடுக்கும் ஈயத் துண்டு வைக்கவில்லை என்று பதறவும் வேண்டாம். அது படத்தின் தேவையான பகுதியை மறைத்து மறுபடியும் எடுக்க வைக்கிறது என்பதால், அண்மைக் காலத்தில் பல நாடுகளில் அந்த வழக்கத்தைக் கைவிட்டு வருகிறார்கள்.

பழைய படங்களைப் பத்திரமாக வைப்பதுதான் நம் பகுதியில் உள்ளவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது. லயத்தின் தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அடுப்புக்கு மேலே வைத்தால் வெப்பத்தில் சுருளும். மடிக்காமல் உறையோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் உலர்த்திப் பொட்டலம் ஏதும் கிடைத்தால் அதையும் உள்ளே போடுங்கள். படங்களைப் பதிந்த குறுந்தட்டு கொடுத்தால் அதையும் சேர்த்து வையுங்கள், அறிக்கையைக் கைப்பேசியில் படம் பிடித்து வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி, உடற்பகுதி, எக்ஸ்ரேயா சி.டி.யா, எந்த இடம் என்ற நான்கையும் வரிசையாக எழுதுங்கள். மதினியின் கொப்பியில் அந்தப் பட்டியலின் முதல் வரி இன்றும் என் கையெழுத்தில் இருக்கிறது: 2007 ஜூலை, இடுப்பு முதுகு, எக்ஸ்ரே மூன்று.